திருப்பித் தரவேண்டிய வேம்புலி

சிக்கனப் படலங்களுக்கான தேசிய மையம் அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், பட்டரவாக்கம் போகிற சாலையில், மூடிப்போன ஒரு பிஸ்கட் கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறது. பெயிண்ட் செலவு மிச்சம் என்று சுவரில் இருந்த பழைய பெயரை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் வெளியாட்கள் சிலர் உள்ளே வந்து, உடைந்த பிஸ்கட் மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது என்று எழுத்து மூலம் பதில் தருவதற்கு அங்கே ஓர் அதிகாரி உண்டு.

அங்கே செய்வது படலம். கைப்பேசி, டி.வி. எதை எடுத்தாலும் அதன் திரைக்குள் முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒளிந்திருக்கிறது. மாவைவிடப் பல ஆயிரம் மடங்கு நுணுக்கமான பொடி ஒன்றை அந்தத் தாளுக்குள் கலந்திருப்பார்கள். திரையில் கீறல் விழாமலும் வெளிச்சம் வீணாகாமலும் பார்த்துக்கொள்வது பொடியின் வேலை. அது சீராகப் பரவினால் தாள் இருப்பதே தெரியாது. கூழில் கட்டி தட்டுகிற மாதிரி திரண்டுகொண்டால் தாள் மங்கிவிடும். வெளிநாட்டுத் தாள் யானை விலை, குதிரை விலை. அதைப் பாதி விலைக்கு இங்கேயே செய்வதற்காக மையம் பிறந்தது. 'பாதி விலை, முழுத் தெளிவு' என்பது அதன் முழக்கம். பாதி விலையை முதல் மாதமே எட்டிவிட்டார்கள். பொடியைப் பிரித்துக் கலக்குகிற இயந்திரத்தை வாங்காமல் விட்டதில் அது தானாகவே நடந்தது. முழுத் தெளிவுதான் வராமல் முரண்டு பிடித்தது.

இயக்குநர் டாக்டர் அய்யாசாமி சிக்கனத்தில் கரை கண்டவர். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தான் லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மையத்துக்கு மாடியே கிடையாது என்பதைப் பேட்டி எடுத்தவர் கவனிக்கவில்லை.

தாள் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று அளக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அதன் விலையைக் கேட்டதும் கொள்முதல் கூட்டத்தில் எல்லோரும் விலைப்பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு கொள்முதல் அதிகாரி கிருபாகரன், மங்கலாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மெஷின் எதற்கு, பார்த்தாலே தெரிந்துவிடுமே என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு அந்த ஆண்டின் சிக்கனச் செம்மல் விருது கிடைத்தது. மறுவாரமே டெண்டர் வெளியாயிற்று: 'கண், ஒரு ஜோடி. பார்வை ஆறுக்கு ஆறு. இந்தியத் தயாரிப்பாக இருத்தல் வேண்டும். நிறுவித் தருவதும் ஓராண்டு உத்தரவாதமும் விற்பனையாளர் பொறுப்பு.'

மையத்துக்கு வாட்ச்மேன்களையும் துப்புரவு ஆட்களையும் அனுப்புகிற காண்ட்ராக்டர் பூபாலன் அந்த டெண்டரை எடுத்தார். அவர் கொண்டுவந்து நிறுத்திய ஜோடிக் கண்தான் வேம்புலி.

வேம்புலி ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகைக்காரன். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வேன் முதலாளி வண்டியை விற்றுவிட்டதும், கையில் அவனுக்கு மிஞ்சியது ஓட்டுநர்களுக்கான கண் முகாமில் கொடுத்த சான்றிதழ் ஒன்றுதான். அதில் ஆறுக்கு ஆறு, குறையில்லாத பார்வை என்று போட்டிருந்தது. சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை, உட்கார்ந்த இடத்தில் பார்த்துச் சொன்னால் போதும் என்று பூபாலன் சொன்னபோது, வேம்புலியின் மனைவி சுசீலா நம்பவே இல்லை. ஆவடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் அவள். இலவசமாக வருகிற எதையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். "சும்மா பாக்கறதுக்கு எவன்யா சம்பளம் குடுப்பான்?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் வீட்டில் இருந்த நிலைமையில் நியாயத்துக்கு இடமில்லை.

முதல் நாளே ஒரு சின்ன உறுத்தல் வந்தது. மையத்துக்குக் 'கருவிகள்' என்ற தலைப்பில்தான் நிதி ஒதுக்கியிருந்தார்கள். ஆள் எடுப்பதென்றால் வேறு தலைப்பு, வேறு கோப்பு, வேறு அமைச்சகம். ஆகவே வேம்புலியை ஆளாக எடுக்க முடியாது, கருவியாகத்தான் பெற முடியும் என்று கிருபாகரன் பொறுமையாக விளக்கினார். ஸ்டோர்ஸில் அவனை நிற்கவைத்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, 'உடைசல் ஏதுமின்றி நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டைப் பையின் மேல் 'பார்வை அளவி' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினால் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். மையத்தின் கருவி எதுவும் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. கிருபாகரன் ஓடிவந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் பொருள்: வேம்புலி. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: இரவுப் பராமரிப்பு. வகை: திருப்பித் தரவேண்டியது.

சுசீலா அந்தச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தாள். "நீ ஊட்டுக்கு வரதே கடனா வாங்கிகினு வர மாதிரி கீதுயா" என்றாள். வேம்புலி சிரித்தான். சர்க்கார் ஆபீஸ் என்றால் நாலு சம்பிரதாயம் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னான்.

வேலை என்னவோ எளிதுதான். சூடான அடுப்பு அறைக்குள்ளிருந்து தாள் சுருள்சுருளாக வெளியே வரும். அந்த வாயை ஒட்டி வேம்புலிக்கு ஒரு ஸ்டூல். தாளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகிற கூலி மிச்சம் என்பதால் ஸ்டூலை அங்கே போட்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே ஜன்னல் மாதிரி ஒரு மரச்சட்டம். கூடத்தின் அந்தக் கோடியில் எழுத்துகள் எழுதிய அட்டை. முதலில் வெறும் சட்டத்தின் வழியாக அட்டையைப் பார்க்க வேண்டும். பிறகு ஆய்வாளர் சபீனா சட்டத்தில் தாளைச் செருகுவாள். மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசம்தான் மங்கல். வித்தியாசமே இல்லை என்று அவன் சொல்கிற அன்றைக்கு மையம் வென்றதாக அர்த்தம்.

வேம்புலி உள்ளதை உள்ளபடி சொன்னான். முதல் சுருளுக்கு ஒன்பது என்றான். அடுத்ததற்கு எட்டு. டாக்டர் அய்யாசாமி கோபப்படவில்லை. கருவி நன்றாக வேலை செய்கிறது என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவனைச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கரை மாற்றினார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது விடுப்புக் கிடையாது, பழுது என்று குறித்து உத்தரவாதத்தின் பேரில் பூபாலனுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். பூபாலன் இரண்டு பாரசிட்டமால் மாத்திரையோடு வந்து பழுது நீக்கிவிட்டுப் போனார். ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தபோது வேம்புலியின் நெற்றியிலும் வைத்து, கழுத்தில் கதம்பம் போட்டு, ஸ்டூலின் காலில் சின்னதாக ஒரு வாழைக்கன்றும் கட்டினார்கள். வேம்புலிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் கிருபாகரன் வந்து, பூஜை போட்ட கருவியை மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் இயக்கக் கூடாது என்பது ஐதீகம், ஆகவே கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார். வேம்புலி விளையாட்டு என்று நினைத்தான். கிருபாகரன் விளையாடுகிறவர் இல்லை. அன்று மாலை சுசீலா வந்து, மூடிய கண்ணோடு இருந்த புருஷனைக் கையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள். வழியில் ஒரு பெரியவர், பாவம், பிறவியிலேயே இப்படியா என்று அவளிடம் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று ஒரு பயம் வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்தது மின்சிக்கன மாதம். கூடத்துக் காற்றை வெளியே தள்ளுகிற பெரிய மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கூடவே, பொடி திரளாமல் இருக்க ஒரு மலிவான திரவத்தைக் கலவையில் ஊற்ற ஆரம்பித்தார்கள். அதில் கருவாட்டு நாற்றம் அடித்தது. அடுப்பு வாயிலிருந்து அந்த ஆவி நேரே வேம்புலியின் முகத்தில் அடிக்கும். சபீனா தன் கைக்காசில் நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். வேம்புலிக்கும் ஒன்று வாங்கி வந்தாள். கிருபாகரன் அதைப் பிடுங்கிவிட்டார். அளவிக்கும் தாளுக்கும் நடுவே மூன்றாவது பொருள் எதுவும் வரக் கூடாது என்று விதி இருக்கிறதாம்.

வேம்புலியின் கண் கரித்தது. சாயங்காலம் கேட்டை விட்டு வெளியே வந்தால் தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. வியாழன், வெள்ளி வந்தால் சுசீலாவின் முகமே புகைக்கு அந்தப் பக்கம் இருப்பதாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படுத்திருந்தால் மெல்லத் தெளியும். திங்கட்கிழமை காலை மறுபடி எல்லாம் பளிச்சென்று இருக்கும். சுசீலா ஒரு சனிக்கிழமை மாலை அவனை ஆவடியில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: கருவிழி வீங்கியிருக்கிறது, அந்தக் காற்றை விட்டு ஒரு மாதம் விலகியிருந்தால் தானாகச் சரியாகும், இப்படியே தொடர்ந்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்தபின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேம்புலி அன்றிரவு சாப்பிடவில்லை. கண் போய்விட்டால் வேன் ஓட்ட முடியாது, வேறெந்த வேலையும் கிடைக்காது என்பதைவிட, சுசீலாவைப் பார்க்க முடியாமல் போய்விடுமே என்பதுதான் அவனை உலுக்கியது. அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலைவலி என்றான்.

திங்கட்கிழமை போய் ஒரு மாதம் லீவு கேட்டான். கருவிக்கு லீவு என்று ஒன்று இல்லை. சபீனாதான் துணிந்து இயக்குநரிடம் போனாள். அவள் பூந்தமல்லிக்காரி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை அவளுடையது. ஆகவே அவள் துணிச்சலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். வேம்புலி சொன்ன எண்களை வரிசையாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாள். தாள் ஒரே தாள்தான். திங்கட்கிழமை அவன் ஏழு என்கிறான், புதன்கிழமை நாலு, சனி மாலை ஒன்று. தாள் தெளியவில்லை, வாரக் கடைசியில் அவனுக்குத் தாள் இல்லாமலே மங்கலாகத் தெரிகிறது, அதனால்தான் வித்தியாசம் குறைகிறது, அவன் கண் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள்.

டாக்டர் அய்யாசாமி அந்த எண்களை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் எல்லோரையும் கூடத்தில் கூட்டிப் பேசினார்.

"நண்பர்களே, நம் படலம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெற்றி பெறுகிறது. நாம் ஆறு நாள் பாடுபட்டு உண்டாக்கிய தெளிவை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழாக்கிவிடுகிறது. கருவி வெளியே போகிறது. கெட்டுப்போய்த் திரும்பி வருகிறது. கோவில்பதாகையில் அதற்கு என்ன நேர்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் அல்ல. ஒரு விஞ்ஞானி தன் கட்டுப்பாட்டில் உள்ளதைத்தான் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் கட்டுப்பாட்டில் இல்லை. கேட் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். வேம்புலியும் தட்டினான், கருவி என்று சொன்னது தன்னைத்தான் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அன்று மாலை சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில், பழைய மாவு கோடவுனில், அவனுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். கதவில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. வேம்புலி வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பார்த்தான். ஒரே காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிற பழக்கத்தில் வாட்ச்மேனும் கண் கலங்கினார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. "நீ உன்னியே எட்துகினு போனா அது திருட்டு கேஸு நைனா. என்னியும் சேத்து உள்ள வெச்சிருவானுங்க" என்றார்.

சுசீலா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். புருஷனை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றாள். அவர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். ஆள் யாரும் எங்களிடம் இல்லை, கருவிதான் இருக்கிறது, ரசீது இருக்கிறது என்று மையம் பதில் சொன்னது. அதற்கு மேல் ரைட்டர் மிகவும் மரியாதையாகவே அவளிடம் கேட்டார்: பொருள் உங்களுடையது என்றால் வாங்கின பில் இருக்க வேண்டுமே அம்மா? சுசீலா கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தினமும் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். சோறு நுகர்பொருள் என்ற பிரிவில் உள்ளே போயிற்று. அவள் போக முடியவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவன் கூடத்து வாசலுக்கு வந்து கையை உயர்த்துவதைப் பார்ப்பாள். முதல் வாரம் அவள் இருந்த திசை பார்த்து உயர்த்தினான். இரண்டாவது வாரம் கொஞ்சம் தள்ளி, லாரி நின்ற பக்கம் பார்த்து உயர்த்தினான். சுசீலா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாள்.

படலத்தின் மங்கல் நாளுக்கு நாள் குறைந்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி, கடைசியில் ஒரு காலை வேம்புலி சட்டத்தின் வழியாகப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் இன்னானு தெரியல சார். ரெண்டும் ஒண்ணாதான் கீது" என்றான். பொய் சொல்லவில்லை. மையத்தில் ஜாங்கிரி கொடுத்தார்கள். வேம்புலிக்கும் ஒன்று வாயில் ஊட்டினார்கள். டெல்லியிலிருந்து உயர்மட்டக் குழு நேரில் வந்து பார்க்கும் என்று தகவல் வந்தது.

குழு வருவதற்கு முன்தினம் சபீனா தாளைச் செருகுகிற சாக்கில் குனிந்து அவன் காதருகே பேசினாள். நாளைக்குக் குழுவின் முன்னால் வித்தியாசம் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வெறும் சட்டத்தில் நன்றாகத் தெரிகிறது, தாள் போட்டால் மங்குகிறது என்று சொல்லுங்கள். கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக் கழித்துக்கட்டுவார்கள். கழித்த பொருளுக்குத் திருப்பித் தரவேண்டாத சீட்டு தருவார்கள். நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். "இன்னும் நாள் இருக்குண்ணா. டாக்டர் சொன்ன தழும்பு இன்னும் விழுந்திருக்காது. ஒரே ஒரு பொய்தான். தயவுசெஞ்சு சொல்லிடுங்க" என்று கெஞ்சினாள்.

வேம்புலி அன்று பூராவும் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தான். வேன் ஓட்டின காலத்தில்கூட பிரேக் சரியில்லை என்றால் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆனாலும் வீட்டுக்குப் போகலாம் என்றதும் பொய் அவ்வளவு கசக்கவில்லை.

குழுத் தலைவி கண்டிப்பான அம்மாள். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்திருக்கலாமே என்று எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்பட்டார். அட்டையை எடுத்துவிட்டு, கூடத்தின் கோடியில் உயிருள்ள ஒரு பொருளை நிறுத்தச் சொன்னார். கேட்டில் தூக்குவாளியோடு நின்ற சுசீலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவசரமாகக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அன்றைக்கு எப்படியாவது புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று, கோயிலுக்குப் போகிற மாதிரி மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தாளைச் செருகுகிற வேலையைச் சபீனாவிடமிருந்து தலைவியே வாங்கிக்கொண்டார். தாள் இருக்கிறதா இல்லையா என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. கருவி தானாகச் சொல்லட்டும் என்றார்.

முதல் தடவை சட்டத்தில் எதையும் வைக்கவில்லை. வேம்புலி உற்றுப் பார்த்தான். தூரத்தில் பாலில் கரைந்த மாதிரி ஏதோ ஒன்று நின்றது. இது தாளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினான்.

"ஒண்ணுமே தெரியல மேடம். ரொம்ப மங்கலா கீது. தாளு சரியில்ல."

கூடத்தில் ஒரு சின்னச் சலசலப்பு எழுந்து அடங்கியது. சபீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவி இப்போது தாளைச் செருகினார். அதே பால், அதே கரைசல். தாளை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வேம்புலி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப சூப்பரா தெரியுது. அது என் சம்சாரம் சுசீலா மேடம். கடைக்குக் கட்டிகினு போற நீலப் பொடவை கட்டிகினு நிக்குது."

சுசீலா கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

கிருபாகரன் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். பிறகு அவர் எழுந்து, தாள் இல்லாதபோது மங்கல், தாள் இருக்கும்போது தெளிவு, ஆகவே படலத்தின் மங்கல் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று அறிவித்தார். நிறம் தவறாகச் சொன்னதைக் குழு உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கி எடுத்துக்காட்டினார். நிறம் இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது, நாம் அளப்பது மங்கல் மட்டுமே என்று டாக்டர் அய்யாசாமி விளக்கினார். பிறகு தலைவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மையீர், இருபது ஆண்டுகளாக உலகம் கண்ணாடியைப் போன்ற படலத்தைத் தேடியது. நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். இது காற்றைவிடத் தெளிவான படலம். இதை ஒட்டிய பிறகுதான் மனிதனுக்கு உலகமே தெரியப்போகிறது. ஒட்டாதவர்கள் இதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணினால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது."

தலைவி அங்கேயே கையெழுத்துப் போட்டார். நாடு முழுவதும் அம்மாதிரிப் பன்னிரண்டு கூடங்கள், கூடத்துக்கு ஒரு பார்வை அளவி. புதிய அளவிகளையெல்லாம் பழக்கிச் சரிபார்க்க ஒரு மூல அளவி வேண்டுமே? அதையும் தீர்மானித்தார்கள். வேம்புலி தேசிய மூல அளவி ஆனான். இனிமேல் அவனைச் சோதிக்க வேண்டாம், ஸ்டிக்கர் மாற்ற வேண்டாம், இடம் மாற்றவும் கூடாது. அடுப்பு வாய்க்கு அருகில் அவன் இருந்த சூழ்நிலை இம்மியும் மாறாமல் பாதுகாக்கப்பட வேண்டும்.

எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது சுசீலா நேரே இயக்குநரின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. பில் போடுகிற இடத்தில் தகராறு செய்கிறவர்களிடம் பேசுகிற நிதானத்தில் பேசினாள்.

"சார், அந்தாளுக்குக் கண்ணு போய்ட்ச்சு. எனக்கு நீலம் எது மஞ்சா எது தெரியும். உங்க எல்லாருக்கும்தான் தெரியும். கெட்டுப்போன ஜாமானைத் தூக்கிப் போடுவீங்களே, அத மாதிரி தூக்கிப் போடுங்க. நான் எட்துகினு போறேன்."

டாக்டர் அய்யாசாமி கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு அன்பாக விளக்கினார். ஒரு கருவி கெட்டுவிட்டது என்று சொல்ல, அதைவிட நுட்பமான கருவி ஒன்று வேண்டும். தேசிய மூல அளவியைவிட நுட்பமானது இந்த நாட்டில் இல்லை. கண் டாக்டர் சொன்னால் செல்லாது. அந்த டாக்டரின் கண்ணை முதலில் வேம்புலி சரிபார்த்துச் சான்று தர வேண்டும்.

"அப்ப அந்தாளே சொன்னா?" என்று சுசீலா கேட்டாள்.

இயக்குநர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தனக்குப் பார்வை இல்லை என்று ஒரு பார்வை அளவி சொல்லுமானால், அது பழுதான கருவி. பழுதான கருவி சொல்லும் அளவை ஏற்கக் கூடாது என்று விதி இருக்கிறதே அம்மா."

தலைவியின் கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. வேம்புலி ஸ்டூலிலிருந்து எழுந்து, சுசீலாவின் குரல் வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தான். நடுவில் ஒரு மேஜையில் இடித்துக்கொண்டான். அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சுசீ, கேட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

அவள் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினாள். இரண்டு வாட்ச்மேன்கள் வந்தார்கள். மூல அளவியைக் கையாளும்போது காட்டவேண்டிய கவனத்தோடு அவனை இருபுறமும் பிடித்து மறுபடி உள்பக்கமாகத் திருப்பி, ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அடுப்பிலிருந்து அடுத்த சுருள் வந்துகொண்டிருந்தது.